அடைகாத்த பேட்டரி

மேகமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹைவேவிஸ் ஏரியைப் பார்த்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டி மணலாறு, இரவங்கலாறு, மகாராஜா மெட்டு என்று உள்ளே போகிற எஸ்டேட் பாதையில்தான் எனக்கு ஆசை. பெரிய கல்லும் சின்னப் பள்ளமுமாக, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து போக வேண்டிய பாதை. அதற்காகத்தான் கடன் வாங்கி, செகண்ட் ஹேண்டில், நான்கு சக்கரமும் இழுக்கிற டீசல் ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றை எடுத்திருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப் போகும் ஏற்பாடு இன்னும் பல கம்பெனி வண்டிகளிலும் இருக்கிறது.

அன்றைக்கு மதுரையிலிருந்து விடியற்காலை கிளம்பினோம். நான், மனைவி, அக்கா மகன். சின்னமனூரில் இட்லி, தென்பழனி செக்போஸ்ட், பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடித்து, மணலாற்றுக்கு மேலே தேயிலைச் சரிவு நன்றாகத் தெரிகிற ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தியபோது பதினொரு மணி இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நடந்தோம். டிக்கியில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. தயிர்ச்சாதம், மோர், இரண்டு கிலோ மாம்பழம்.

மூன்று மணி நேரம் கழித்து வந்து பட்டனை அழுத்தினால் வண்டியில் உயிரே இல்லை. செல்ஃப் எடுக்காமல் டக் டக் என்று சத்தம் வந்திருந்தாலாவது மனசு கொஞ்சம் தேறியிருக்கும். அதுகூட இல்லை. மீட்டர் போர்டு ஒரு தடவை மங்கலாக மினுக்கிவிட்டு அணைந்தது.

செல்போனில் சிக்னல் இல்லை. மாலைக்கு மேல் செக்போஸ்டைத் தாண்ட முடியாது. அந்த நேரத்தில் பாதை யானைகளுடையது. பழைய ஜீப்பாக இருந்தால் சரிவில் தள்ளிவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. போதாக்குறைக்கு இதில் பார்க்கிங் பூட்டு எலெக்ட்ரானிக். கரண்ட் இல்லாமல் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வருவதே தனி வித்தை.

சரி, இன்னொரு வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் கேபிள் இருக்கிறதே என்று டிக்கிப் பக்கம் போனேன். டிக்கிக் கதவில் கைப்பிடி கிடையாது, ரப்பர் பட்டன்தான். அதுவும் கரண்டில்தான் வேலை செய்யும். அக்கா மகன் பின் சீட்டின் மேல் ஏறிக் குதித்து, ஃபிரிட்ஜைப் புரட்டி, அதற்கு அடியிலிருந்த கேபிளை இழுத்துக் கொண்டுவந்தான். மாம்பழத்தில் இரண்டு நசுங்கின.

கேபிள் கையில் வந்துவிட்டது. எதில் மாட்டுவது? பானட்டைத் தூக்கினால் பேட்டரியைக் காணோம்.

வண்டி வாங்கி பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. கையேட்டைப் புரட்டினோம். முன்பக்க இடது சீட்டுக்கு அடியில் இருக்கிறதாம். அந்த சீட்டைத் தூக்க நான்கு போல்ட். பின்னால் இருக்கும் இரண்டைக் கழற்ற சீட்டை முன்னால் தள்ள வேண்டும், முன்னால் இருக்கும் இரண்டைக் கழற்றப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளுவது மோட்டார். மோட்டாருக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து. பேட்டரியோ சீட்டுக்கு அடியில். பின்னால் உட்கார்ந்த அக்கா மகனுக்குக் கால் நீளம் என்று காலையில் அந்த சீட்டை முழுக்க முன்னால் ஓட்டி வைத்திருந்தோம். பின் போல்ட் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன, முன் போல்ட் இரண்டும் சீட்டின் வயிற்றுக்குள். அதுவும் சாதாரண ஸ்பேனருக்கு வராத நட்சத்திரத் தலை. என்னிடமிருந்த டூல் பெட்டியில் அந்த அளவு இல்லை.

இந்த நேரத்தில்தான் எஸ்டேட் ஜீப் ஒன்று மேலேயிருந்து இறங்கி வந்தது. ஓட்டியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"என்ன தம்பி, மக்கர் பண்ணுதா?"

"பேட்டரி டவுன் அண்ணே."

"பேட்டரி எங்க?"

"சீட்டுக்கு அடியில."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சீட்டுக்கு அடியில எதுக்கு, அடைகாக்கவா வச்சிருக்கான்?"

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பானட்டுக்குள் குனிந்தார். எதையும் கழற்றவில்லை, விரல்களை மட்டும் ஓட்டினார். "தடியான சிவப்பு ஒயர் எங்க வருதுன்னு பாரு தம்பி. பேட்டரிய ஒளிச்சு வைக்கலாம், ஒயர ஒளிக்க முடியுமா? செல்ஃப் மோட்டாருக்கு அது வந்துதான ஆகணும்." வலது பக்கம் ஃபியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடி. அதை நகத்தால் நெம்பினார். உள்ளே சிவப்புத் தொப்பி போட்ட ஒரு செம்புக் குமிழ், மேலே கூட்டல் குறி. கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாடியில் பெயின்ட் அடிக்காத ஒரு போல்ட். அதுதான் ஆர்த். பேட்டரியைத் தொடாமலேயே கரண்ட் கொடுப்பதற்கென்று கம்பெனி வைத்திருக்கும் இடம். கையேட்டில் நான் பார்த்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே அது இருந்தது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தேன்.

என் கேபிளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பார்க்கத் தடியாகத்தான் இருக்கும். ரப்பரை உரித்தால் உள்ளே செம்பு தென்னங்குச்சி அளவுகூடத் தேறாது. அவர் ஜீப்பில் இருந்தது வெல்டிங் கேபிளில் அவரே கிளாம்ப் கட்டியது. சிவப்பை முதலில் என் வண்டியின் குமிழில் மாட்டினார், மறுமுனையை ஜீப் பேட்டரியின் பிளஸ்ஸில். பிறகு கறுப்பு, முதலில் ஜீப்பின் மைனஸில், கடைசியாக என் வண்டியின் ஆர்த் போல்ட்டில். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது பேட்டரிக்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த வரிசை. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கப் போதும். ஜீப்பைப் பத்து நிமிடம் லேசான ஆக்சிலேட்டரில் ஓட விட்டு, "இப்ப அடி" என்றார். பிடித்துக்கொண்டது. சின்னமனூர் வரும்வரை எஞ்சினை அணைக்கவில்லை. வழியில் டீ கேட்ட மனைவிக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டாம்.

ஒன்று இடையில் சொல்லிவிடுகிறேன். அந்த ஜீப்புக்குப் பதில் ஒரு லாரி வந்திருந்தால் நான் அதிலிருந்தும் எடுத்திருப்பேன். எடுக்கவே கூடாது. லாரி, பஸ் எல்லாம் பெரும்பாலும் இரண்டு பேட்டரி கோத்த 24 வோல்ட். நம் வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும்.

பழியை முதலில் ஃபிரிட்ஜ் மேல்தான் போட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொருந்தவில்லை. அந்த ஃபிரிட்ஜ் கம்ப்ரெஸர் ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும், நடுநடுவே நின்று நின்று ஓடும். மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடியதாகவே வைத்துக்கொண்டாலும் 12 ஆம்பியர்-மணி. என் வண்டியில் இருக்க வேண்டியது 90க்கு மேல். ஏழில் ஒரு பங்கு குறைந்ததற்கு ஒரு பேட்டரி இப்படி மயங்கி விழுமா? அது ஏற்கெனவே சாகக் கிடந்த பேட்டரி.

உண்மையில் அந்த ஃபிரிட்ஜ்தான் முதலில் எச்சரித்தது. இந்த மாதிரி ஃபிரிட்ஜ்களில் வோல்டேஜ் குறைந்தால் தானாக நின்றுவிட மூன்று நிலை வைத்திருப்பார்கள். 'ஹை'யில் வைத்தால் சீக்கிரம் நின்று பேட்டரியைக் காப்பாற்றும், 'லோ'வில் வைத்தால் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும். ஹையில் வைத்தால் அடிக்கடி நின்றுவிடுகிறது, மோர் குளிர மாட்டேன் என்கிறது என்று லோவுக்கு மாற்றிய மகராசன் நானேதான்.

மறுநாள் மதுரையில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். வண்டிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து சீட்டைப் பின்னால் ஓட்டி முன் போல்ட்டை எடுத்தார், முன்னால் ஓட்டிப் பின் போல்ட்டை எடுத்தார். கரண்டைத் துண்டித்தார். உடனே சீட்டைத் தொடவில்லை. பீடி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் அது முடிந்த பிறகுதான் வந்தார். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் ஒன்று இருக்கும், ஏர்பேக்கும், மோதும்போது சீட் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரும் சேர்ந்த ஒயர். கரண்ட் இருக்கும்போது அதைப் பிடுங்கினால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஸ்கேனர் போட்டுத்தான் அணைக்க முடியும். துண்டித்த பிறகும் அந்த கம்ப்யூட்டருக்குள் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கும். அதற்குத்தான் அந்த பீடி.

சீட்டைச் சாய்த்து மூடியை எடுத்ததும் முதலில் வந்தது வாடை. அழுகிய முட்டையும் துருவும் கலந்த மாதிரி. பிளஸ் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி, தேங்காய்த் துருவல் போலக் குவிந்திருந்தது. பக்கத்தில் கார்ப்பெட்டின் அடிப்பஞ்சு உள்ளங்கை அகலத்துக்குக் கருகி உதிர்ந்திருந்தது. ஆசிட். எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் எங்கேயோ ஒரு கடையில் சாதாரண ஆசிட் பேட்டரியை, அளவு பொருந்துகிறது என்று போட்டிருக்கிறார். அதன் வாயு வெளியேற வேண்டிய ரப்பர் குழாய், வண்டியின் தரை ஓட்டை வழியாகக் கீழே போக வேண்டியது, எதிலும் மாட்டாமல் ஓரமாகக் கிடந்தது. அந்த வாயு இத்தனை மாதமும் நாங்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த கேபினுக்குள்தான் வந்திருக்கிறது. மனைவி உட்காரும் சீட்டுக்கு அடியில்.

பேட்டரியின் தேதியைத் துடைத்துப் பார்த்தால் ஐந்து வருடம் முடிந்திருந்தது. மதுரை வெயிலில் அது அத்தனை நாள் தாங்கியதே பெரிது. சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் பாதியாகும் என்று பேட்டரிக்காரர்கள் தோராயமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு.

பேட்டரி சீட்டுக்கு அடியில் இருந்ததுகூட எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. கண்ணில் படாமல் இருந்ததுதான் ஆளைக் கவிழ்த்தது. பானட்டுக்குள் இருந்திருந்தால் ஆயில் பார்க்கும் பையன்கூட "சார், டெர்மினல் பூத்திருக்கு" என்று சொல்லியிருப்பான்.

கம்பெனிக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. எஞ்சின் பக்கம் அடுப்பு மாதிரிச் சூடு, கேபின் அப்படி இல்லை. பேட்டரி 25 கிலோ. அதை வண்டியின் நடுவில், தாழ வைத்தால் மேடு பள்ளத்தில் எடை சமமாக நிற்கும். சகதியும் தண்ணீரும் நேராக வந்து அடிக்காது. டர்போ, ஃபில்டர்கள், ஏபிஎஸ் யூனிட் என்று பானட்டுக்குள் கூட்டம் அதிகமாகிவிட்டது. நடந்து போகிறவர் மேல் மோதினால் பானட் அமுங்க வேண்டும் என்ற விதிக்காக மேலேயும் காலி இடம் விட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் சரிதான். முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் டூவாரெக்கில் முன் சீட்டுக்கு அடியில், 2011இல் வந்த தலைமுறை ஜீப் கிராண்ட் செரோக்கியில் முன்பக்கப் பயணி சீட்டுக்கு அடியில். 2018 தலைமுறை ராங்ளரில் பெரிய பேட்டரி பானட்டுக்குள் கண்ணெதிரே இருக்கும். சிக்னலில் எஞ்சினை அணைத்துப் போடும் வசதிக்காக அதில் பல மாடல்களில் இரண்டாவதாக ஒரு சின்ன பேட்டரி, ஃபியூஸ் பெட்டிக்குக் கீழே ஒளிந்திருக்கும். பெரியதை மாற்றிவிட்டு, இன்னும் ஏன் மக்கர் என்று தலையைச் சொறிகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனால் சீட்டுக்கு அடியில் வைப்பது புதிய யோசனையும் அல்ல. 2016 ஜனவரியில் உற்பத்தி நின்ற பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் காலங்காலமாக முன் சீட்டுக்கு அடியில்தான் பேட்டரி. அதன் மெத்தையைக் கையால் தூக்கி வெளியே வைக்கலாம். கீழே தகர மூடி. அதைத் திறந்தால் பேட்டரி. ஸ்பேனர் வேண்டாம், மோட்டார் வேண்டாம். என் வண்டியிலும் இடம் அதேதான். போகிற வழியில் நான்கு போல்ட்டையும் ஒரு மோட்டாரையும் ஒரு ஏர்பேக் ஒயரையும் குறுக்கே போட்டுவிட்டார்கள்.

புது பேட்டரி ஏஜிஎம் வகை, அதாவது ஆசிட் தளும்பாமல் கண்ணாடி இழைப் பாயில் ஊறி நிற்பது, குழாய் மாட்டும் வாய் உள்ளது. இருபதாயிரத்துக்கு மேல் ஆனது; வலித்தது. கேபினுக்குள் இருக்கிற பேட்டரிக்கு வேறு வகையைப் பற்றி இனி யோசிக்கவே மாட்டேன். குழாயை மாட்டி, தரை ஓட்டை வழியாக வெளியே வந்துவிட்டதா என்று படுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். ஸ்கேனர் போட்டு, புது பேட்டரி வந்திருக்கிறது என்று வண்டிக்கும் சொல்லிவிட்டார் எலெக்ட்ரீஷியன். என் வண்டியில் டைனமோ எவ்வளவு சார்ஜ் கொடுக்க வேண்டும் என்பதை கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. சொல்லாவிட்டால் கிழட்டு பேட்டரிக்குக் கொடுத்த வைத்தியத்தையே புதியதற்கும் கொடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தேன். கல் பாதையில் ஓடும் வண்டியில் பேட்டரி ஒரு நூல் ஆடினாலும் உள்ளே தகடுகள் உதிர ஆரம்பித்துவிடும்.

இப்போது என் பழக்கங்கள் மாறிவிட்டன. இன்னொரு வண்டி இல்லாமலேயே செல்ஃப் அடிக்கக் கரண்ட் கொடுக்கும் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன், அது டிக்கியில் இல்லை, முன்னால் கிளவ் பாக்ஸில். டேஷ்போர்டு மேல் வெயிலில் வைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டில் சார்ஜ் ஏற்றுகிறேன். சார்ஜ் இல்லாத ஜம்ப் ஸ்டார்ட்டர் வெறும் செங்கல். சீட்டு போல்ட்டுக்குப் பொருந்தும் நட்சத்திர பிட், 10 மி.மீ. ஸ்பேனர் இரண்டும் அதே இடத்தில். ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து, ஓட்டுநர் கதவுக் கைப்பிடி மூடியைக் கழற்றி, ஒரு தடவை நிஜமாகவே திறந்து பார்த்தேன். பதினான்கு மாதமாகத் திருப்பாத பூட்டு, எண்ணெய் விட்ட பிறகுதான் திரும்பியது. பேட்டரி செத்து வண்டியும் பூட்டியிருந்தால் கிளவ் பாக்ஸில் எது இருந்து என்ன பயன்? பார்க்கிங் பூட்டைக் கையால் விடுவிக்கும் பட்டை எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வைத்தேன். அதை இழுக்கும் முன் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி நம்மை விட்டுவிட்டுப் போய்விடும்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்ட் மீட்டர் சில நூறு ரூபாய்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6க்கு மேல் காட்டினால் நிம்மதி, ஏஜிஎம் என்றால் 12.8 வரை காட்டும். 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் அடிக்கும் நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி கடையில் சோதித்துவிட்டுத்தான் மலை ஏறுவேன். ஃபிரிட்ஜ் இப்போது ஹையில். மோர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் குடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வின்ச், அதாவது முன் பம்பரில் மாட்டும் மோட்டார் இழுவைக் கருவி, அந்த விஷயத்தில் மட்டும் ஒரு தப்பை நல்லவேளையாகத் தவிர்த்தேன். மாட்ட வந்த பையன், "பானட்டுக்குள்ளயே ஒரு பாயின்ட் இருக்கே சார், அதுலயே எடுத்துரலாம்" என்று ஜம்ப் குமிழைக் காட்டினான். அது சில நொடி செல்ஃப் அடிக்க வைத்தது. சகதியில் மாட்டிய வண்டியை இழுக்கும் வின்ச் நிமிடக்கணக்கில் 400 ஆம்பியர் வரை கேட்கும். பேட்டரியிலிருந்தே தனி கேபிள் போக வேண்டும். சீட்டுக்கு அடியிலிருந்து முன் பம்பர் வரை போக 3 மீட்டர், ஆர்த்துக்குத் திரும்பி வர 3 மீட்டர். 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போட்டால் அந்த 400 ஆம்பியரில் 1.7 வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும். 50 சதுர மி.மீ. என்றால் அதில் பாதி. பானட்டுக்குள் பேட்டரி இருக்கிறவன் ஒன்றரை மீட்டரில் முடித்துவிடுவான். கேபிள் விலையைக் கேட்டதும் வின்ச்சைத் தள்ளி வைத்துவிட்டேன். இப்போதைக்கு நல்ல கயிறும் கூட வரும் இன்னொரு வண்டியும்.

போன மாதம் நண்பன் ஒருவன் புது ஆஃப்-ரோடு வண்டி எடுக்கத் துணைக்குக் கூப்பிட்டான். ஷோரூமில் விற்பனைப் பையன் திரையைத் தொட்டுத் தொட்டு என்னென்னவோ காட்டினான். எத்தனை மி.மீ. தண்ணீரில் இறங்கும், எத்தனை டிகிரி மேடு ஏறும், எல்லாம் மனப்பாடம். "பேட்டரி எங்க தம்பி இருக்கு?" என்றேன். பானட்டைத் திறந்து சிரித்துக்கொண்டே தேடினான். சிரிப்பு குறைந்தது. போன் போட்டான். இருபது நிமிடம் கழித்து சர்வீஸிலிருந்து எண்ணெய்க் கறையோடு ஒருவர் வந்து, பின் சீட்டின் மெத்தையை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தார். கீழே மூடி, அதற்குக் கீழே பேட்டரி, வெளியே போகும் குழாயும் ஒழுங்காக மாட்டியிருந்தது. ஸ்பேனர் எதுவும் அவர் கையில் இல்லை.

நண்பனைப் பார்த்து, "சரி, இனி நீ மைலேஜ் கேளு" என்றேன்.